ஊமை வெள்ளி

கண்ணாடிக்காரருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவருடைய காது. பிழைப்பு என்னவோ கண்தான். கடைவீதி வளைவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். முன்னறையில் எழுத்துப் பலகையும் உயரமான நாற்காலியும் சட்டங்கள் அடுக்கிய அலமாரியும் இருந்தன. பின்னறையில், லென்ஸைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்தெடுக்கும் சாணை இயந்திரம். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு லென்ஸை மாட்டி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்க வேண்டியது; அப்புறம் பின்னறைக்குப் போய், சாணை கீச்சென்று அலற அலற லென்ஸைத் தேய்க்க வேண்டியது. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள் என்பது அவருடைய அனுபவம். கடைசி வரி தெரியாது. ஆனாலும் கண்ணை இடுக்கி, குத்துமதிப்பாக ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்லிவைப்பார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கண்ணு மங்கறது என்ன குத்தமா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இதுல என்ன கௌரவம்?" என்று கடிந்துகொள்வார்.

பழைய வெளிநாட்டு வெள்ளி நாணயம் சேர்க்கிறவர்கள் மத்தியில்தான் அவர் காதுக்காரர். ஒளிநகல் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணயச் சங்கம் கூடும். நீள மேஜை, ஆட்டம் காணும் நாற்காலிகள், தலைக்கு மேலே கடமைக்குச் சுற்றும் மின்விசிறி. யார் என்ன வாங்கினாலும் விற்றாலும் அவர் ஒரு தட்டு தட்டிச் சொன்னால்தான் பேரம் முடியும்.

அவர் தட்டுவதைப் பார்க்கவே சிலர் வருவார்கள். முதலில் பூதக்கண்ணாடியால் காசின் இரண்டு முகத்தையும் பார்ப்பார். அடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார். சின்ன மின்தராசில் வைத்து எடை பார்ப்பார். இதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுகிற மாதிரி. அப்புறம்தான் விஷயம். இடது ஆள்காட்டி விரல் நுனியில் காசை நிறுத்தி, காதருகே கொண்டுபோய், பழைய பேனா மூடியால் விளிம்பில் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொள்வார். யாராவது காசைத் தரையில் எறிந்து சோதித்துவிட்டால், தன் கன்னத்தில் அறைந்த மாதிரி துடித்துப்போவார்.

"ஒலிக்கிறதெல்லாம் வெள்ளி இல்ல. வால் இருக்கணும்" என்பார். தட்டியதும் வருகிற ஒலியை அவர் தலை என்பார். அது அடங்கி, மெல்லிய இழையாக நீண்டு நீண்டு போகிறதே, அது வால். போலிக்குத் தலை மட்டும்தான் இருக்கும். அதற்கு அவர் வைத்த பேர் ஊமை. "தராசை ஏமாத்தலாம், காந்தத்தை ஏமாத்தலாம். காதை ஏமாத்த முடியாது." காசைத் தண்ணீரில் முக்கி எடை பார்த்துக் கண்டுபிடிக்கிற வழி ஒன்றும் உண்டு. அதைக் காதில்லாதவன் வைத்தியம் என்று கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

கொஞ்ச காலமாக அவருக்கு ஒரே அலுப்பு. சந்தையில் ஊமைகள் பெருத்துவிட்டன. போன வருஷத்திலிருந்து மூன்று காசு வந்தால் இரண்டு ஊமை. "உலகமே கெட்டுக் கிடக்கு. எவன் எங்கே உக்காந்து அச்சடிக்கிறானோ" என்று வீட்டில் புலம்புவார். மற்ற சாமான்களும் அப்படித்தான் மட்டமாக வந்தன. வாசல் அழைப்பு மணிக்கு இரண்டு தடவை பேட்டரி மாற்றியும் சரியில்லை. புதிதாக வாங்கிய மின் அடுப்பு, நேரம் முடிந்தால் கூவ வேண்டியது கூவவில்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் மனைவி அப்போது தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, "நல்லாத்தானே இருந்துச்சு அடுப்பு?" என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனைவியின் தம்பியும் சங்கத்தில் இருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பழம்பொருள் கடை அவனுக்கு. நின்றுபோன கடிகாரம், பழைய கேமரா, பேனா, காசு எல்லாம் வாங்கி விற்பான். ஐம்பதை நெருங்குகிற ஆள். அதிர்ந்து பேசத் தெரியாது. அந்த மாதிரிக் கடைக்கு முதலே நம்பிக்கைதான். அவன் கையால் வாங்கினால் பழுதிருக்காது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். அதில்தான் அவன் குடும்பம் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு மெக்சிகோ எட்டு ரியாலைக் கொண்டுவந்தான். உள்ளங்கையை நிறைக்கிற வெள்ளி. ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு, மறுபக்கம் கதிர் வீசும் குல்லாய்.

"ஒரு பழைய வீட்டைக் காலி பண்றாங்கன்னு கூப்பிட்டாங்க அத்தான். கடிகாரம் வாங்கப் போனேன். இது மேஜை டிராயர்ல கிடந்துச்சு."

மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நெடுங்காலமாகத் தேடுகிற வருஷம் அது. விலையும் படிந்துவிட்டது. பணத்தைச் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே எடுத்தவர், "சாருடைய தட்டு ஒண்ணு பாக்கி" என்றார்.

கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். கழுகின் நெஞ்சு இறகு நியாயமாகத் தேய்ந்திருந்தது. விளிம்பில் வட்டமும் கட்டமும் மாறி மாறிச் சரியாக ஓடின. எடை இருபத்தேழு கிராம் சொச்சம், மயிரிழை பிசகில்லை. விரல் நுனியில் நிறுத்தினார். தட்டினார்.

டக்.

மறுபடி தட்டினார். டக். மரப்பலகையைத் தட்டினால் வருமே, அதுதான்.

"ஊமை" என்றார்.

மைத்துனன் சிரித்துவிட்டான். "வெளையாடாதீங்க அத்தான். கணீர்னு கேக்குதே!"

"உனக்குக் கணீர்னுதான் கேக்கும். வால் எங்கே?"

மைத்துனன் சுற்றிலும் பார்த்தான். அங்கிருந்தவர்கள் காதிலும் ஏதோ விழத்தான் விழுந்தது. ஆனால் வால் என்பது பழகிய காதுக்கு மட்டும் எட்டுகிற சங்கதி என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் இல்லை என்பதை இருக்கிறது என்று சொல்லி யார் அசடு வழிவது? எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எதையும் இருமுறை சரிபார்க்கிறவர், அவர்கூட மோட்டுவளையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை தட்டுங்க."

"எத்தனை தடவை தட்டினா என்ன? எனக்கே காது குத்தப் பாக்குறியா மாப்ளே?"

அதை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அறை கொல்லென்று சிரித்தது. மருந்துக்கடைக்காரர் பணத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார். மைத்துனன் காசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, படியிறங்கிப் போனான். அடுத்த மாதம் அவன் வரவில்லை. சங்கத்துக்காரர்களும் பாலத்தைத் தாண்டுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அத்தானே கைவிட்ட கடையில் மற்றவர்களுக்கு என்ன வேலை?

வீட்டில் மனைவி சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட ஆரம்பித்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? போலியைப் போலின்னு சொன்னேன்" என்றார் ஒருநாள்.

"சொல்லுங்க. யார் வேணாம்னா? அவனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல? பத்து பேர் சிரிக்கிற மாதிரியா சொல்றது? அவன் ஒரு வார்த்தை உங்களைக் குறை சொல்லல. அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு."

அவருக்கும் உள்ளே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தினால் அவர் காசுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். படுக்கையறை அலமாரியிலிருந்து மரப்பெட்டியை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் திறந்தார். அதில் முதல் குழியில் இருந்ததும் ஓர் எட்டு ரியால்தான். கல்யாணமான புதிதில் வாங்கியது, அவர் வாங்கிய முதல் வெள்ளி. அதை மூத்தவன் என்று கூப்பிடுவார். அதன் வாலைப் போல ஒரு வால் கிடையாது. நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று புதிதாக வருகிற யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் மூத்தவனைத்தான் எடுத்துப் போவார். அதைத் தட்டிப் பார்த்து இரண்டு வருஷமாவது இருக்கும்.

மூத்தவனை விரலில் நிறுத்தித் தட்டினார்.

டக்.

மறுபடி தட்டினார். பேனா மூடியை வைத்துவிட்டு இன்னொரு காசால் தட்டிப் பார்த்தார். டக், டக். சூலம் ஏந்திய பெண் நிற்கும் பழைய வர்த்தக டாலரை எடுத்தார். ஊமை. உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் பதித்த இந்தோசீனாக் காசு, அதுவும் ஊமை. ஆஸ்திரிய அரசி தலை போட்ட தட்டையான பெரிய காசு இரண்டு, இரண்டும் ஊமை. ஐந்து குழி, ஐந்தும் பெட்டியிலேயே உசத்தியான உருப்படிகள். மேற்கொண்டு தட்ட அவருக்குத் தெம்பில்லை.

தராசை எடுத்து வந்து நிறுத்தார். எடை அச்சு அசலாக இருந்தது. விளிம்பு சரி. தேய்மானம் சரி. மூத்தவனின் குல்லாய்க்குக் கீழே ஒரு கீறல் உண்டு, நகத்தால் தடவினால் தட்டும். அந்தக் கீறல்கூட அங்கேயே இருந்தது. வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிதானித்திருப்பார்கள். கண்ணாடிக்காரருக்கோ ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்கச் சந்தேகம் கெட்டிப்பட்டது. கீறலைக்கூட விடாமல் செய்திருக்கிறான் என்றால் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும்!

யார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. போன வருஷம் வீட்டுக்கு வர்ணம் பூசியபோது ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள் என்று இந்தப் பெட்டியை மைத்துனன் கடை இரும்புப் பெட்டகத்தில் வைத்திருந்தார். அப்புறம் பெட்டி திரும்பி வந்தது. அவர் திறந்து எண்ணிப் பார்த்தார், தட்டிப் பார்க்கவில்லை. சொந்த மைத்துனனிடமிருந்து வந்த பெட்டியை யார் தட்டிப் பார்ப்பார்கள்? எட்டு ரியால் ஒன்றைத் தன்னிடமே நல்லதென்று நீட்டியவன்தானே அவன், இதுவும் செய்வான் என்று மனம் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

மறுநாள் மூக்குக்கண்ணாடிக் கூடுகளில் கூட்டுக்கொன்றாக ஐந்து காசுகளையும் போட்டு எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மைத்துனன் கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான். சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான், பாவம்.

"உக்காருங்க அத்தான்."

"உக்கார வரல, தம்பி."

மாப்ளே போய்த் தம்பி ஆனதிலேயே அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. அவர் ஐந்து கூடுகளையும் மேஜை மேல் திறந்து வைத்து விஷயத்தைச் சொன்னார். கத்தவில்லை. எழுத்துப் பலகையை வாசிக்கிற மாதிரி சீராகச் சொன்னார். கடைக்கு வெளியே வண்டிகள் இரைந்துகொண்டு போயின.

மைத்துனன் கடிகாரத் திருகுகளை ஒவ்வொன்றாக ஒரு மூடியில் எடுத்துப் போட்டான். "அஞ்சையும் நான் மாத்திட்டேன்னு சொல்றீங்க."

"வேற யார் கையில இருந்துச்சு?"

"நான் எடுக்கல அத்தான்."

"காசு ஊமையாயிருக்கே."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

அவன் எழுந்துபோய் இரும்புப் பெட்டகத்தைத் திறந்து, ஒரு துணிப்பையை எடுத்து வந்தான். அதில் அவனுடைய சொந்தக் காசுகள் இருந்தன. கடைக்கு வராத காசுகள். மகள் மேற்படிப்புக்கு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தவை. அது கண்ணாடிக்காரருக்கும் தெரியும். அதிலிருந்து ஓர் எட்டு ரியால், ஒரு வர்த்தக டாலர், ஓர் இந்தோசீனாக் காசு, இரண்டு ஆஸ்திரிய அரசி என்று பொறுக்கி எடுத்து அவர் பக்கம் தள்ளினான்.

"எடுத்துக்கோங்க. நான் எடுத்தேன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இந்தப் பேச்சு அக்கா வரைக்கும் போனா அவ உங்க பக்கமும் நிக்க முடியாது, என் பக்கமும் நிக்க முடியாது. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

மடியில் கனமில்லாதவன் இப்படிக் கொடுப்பானா என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். எடுத்துக்கொண்டார். தன்னுடைய ஐந்தையும்கூட அங்கே விடாமல் கூடுகளோடு திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். படியிறங்கும்போது மைத்துனன் பின்னாலிருந்து ஏதோ சொன்னான். அவருக்குச் சரியாக விளங்கவில்லை. திரும்பிக் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புதிய ஐந்தையும் மேஜையில் பரப்பினார். பக்கத்து அறையில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் கொடுத்த எட்டு ரியாலை விரலில் நிறுத்தித் தட்டினார்.

டக்.

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன நெஞ்சழுத்தம்! திருடியதற்கு ஈடு என்று கொடுத்ததும் போலியா? அடுத்ததைத் தட்டினார். அடுத்தது. எல்லாம் டக், டக். ஆத்திரத்தில் பத்துக் காசுகளையும் மாற்றி மாற்றி, விட்டேனா பார் என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

"போதும்ங்க!" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அந்தக் கிணிகிணியைக் கொஞ்சம் நிறுத்துங்க. தலையை வலிக்குது."

"எதை?"

"அந்தக் காசைத்தான். ஒண்ணு ஓயறதுக்குள்ள இன்னொண்ணு. பல்லெல்லாம் கூசுது."

அவர் பேனா மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த காசைப் பார்த்தார். மூத்தவன்.

"இங்கே வா" என்றார். அவர் குரல் எப்படி இருந்ததோ, அவள் தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு உடனே வந்தாள்.

"அந்தச் சுவரைப் பார்த்து நில்லு. நான் ஒண்ணு தட்டுவேன். சத்தம் கேட்டா கையைத் தூக்கு. நின்னதும் இறக்கு."

"என்னங்க இது, சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"சொல்றதைச் செய்யேன்."

கடையில் தினமும் செய்கிற வேலைதான். ஆளை ஓரிடத்தில் நிறுத்தி, தெரிகிறதா, இல்லையா? அவள் சுவர் பக்கம் திரும்பி நின்றாள். அவர் மூத்தவனைத் தட்டினார். அவருக்கு ஒரு டக். அவள் கை மேலே போனது. இறங்கவில்லை. அறை அமைதியாக இருந்தது, அவருக்கு. தேய்ப்புப் பெட்டியின் சூடான துணி வாசனை வந்தது. அவள் கை அப்படியே நின்றது. நின்று, நின்று, கடைசியில் மெல்ல இறங்கியது.

அதுதான் வால். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அதைக் கண்ணால் பார்த்தார்.

அடுத்ததைத் தட்டினார். கை மேலே போனது. மைத்துனன் கொடுத்ததைத் தட்டினார். கை மேலே போனது, இறங்க மனமில்லாமல் நின்றது. பத்தையும் தட்டி முடித்தபோது அவள், "தோள் வலிக்குது, இன்னும் எத்தனை?" என்றபடி திரும்பினாள்.

"எனக்குக் கேக்கல" என்றார்.

அவள் மேஜையைப் பார்த்தாள். "இதுல பாதி உங்களோடது இல்லையே. யாரோடது?"

அங்கே ஒரு பொய்க்கு இடமிருந்தது. சங்கத்தில் யாரோ பார்க்கக் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம், அவளும் நம்பியிருப்பாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவமானத்தில் அவர் காது மடல்கள் சுட்டன.

"அவனைத் திருடன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"அவன் எடுத்துக் குடுத்தானா? பொண்ணு படிப்புக்கு வெச்சதையா?"

"ஆமா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக் கூடுகளில் போட்டு மூடினாள். "முதல்ல அவன் கடைக்குப் போங்க. அப்புறம் டாக்டர்கிட்ட போகலாம்" என்றாள். "நான் வரமாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க."

மறுநாள் கடையில் மைத்துனன் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டான். காசுகளைத் திரும்பத் துணிப்பையில் போட்டான். கோபப்பட்டிருந்தால் கண்ணாடிக்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேத்து படியிறங்கும்போது உங்க போன் அடிக்குதுன்னு சொன்னேன். நீங்க பாட்டுக்குப் போனீங்க. கோபத்துல போறீங்கன்னு நினைச்சேன்."

"என்னை மன்னிச்சுடு மாப்ளே."

"திருடன்னு இந்தக் கடையில வந்து சொன்னீங்க, இங்கேயே வந்து இல்லைன்னு சொல்லிட்டீங்க. அது சரியாப் போச்சு. அக்கா வீட்டுக்காரர், நமக்குள்ள ஆயிரம் இருக்கும்." அவன் துணிப்பையின் வாயை இறுக்கிக் கட்டினான். "ஆனா ஊமைன்னு சொன்னது சங்கத்துல அத்தான்."

அவருக்குப் புரிந்தது. அங்கே போய்ச் சொன்னால் அப்புறம் அவர் சாதாரண மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதை நினைத்ததும் உண்மையிலேயே பயந்தார். கண்ணிருக்கிறது, தராசிருக்கிறது, மெதுவாகச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் கூடவே வந்தது. டாக்டரிடம் போன பிறகும் அந்த யோசனை அவரை விடவில்லை.

டாக்டர் அறைக்குப் பக்கத்தில் பெட்டி மாதிரி ஓர் அறை. அங்கிருந்த பெண் அவர் காதில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள். அவர் அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இந்நேரம் வந்திருக்கும் என்று ஊகித்து அமுக்கினார். இன்னும் இரண்டு தடவை அப்படி அமுக்கினார். அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், நான் இப்ப சத்தமே குடுக்கல. ஏன் அமுக்குறீங்க?"

அவர் தலை கவிழ்ந்தது. முப்பது வருஷமாக எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து பொய் சொன்னவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். எவ்வளவு திட்டியிருக்கிறார் அவர்களை!

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். சாணை இயந்திரத்தின் கீச்சு அத்தனை வருஷமும் உயர்ந்த ஒலிகளைக் கேட்கிற இடத்தை அரித்துவிட்டிருந்தது. "பேச்சு ஓரளவு கேக்கும், அதனால உங்களுக்குத் தெரியல. காதுக்கு மெஷின் வெச்சா பேச்சு இன்னும் தெளிவாகும். மணிச்சத்தம், பறவைச்சத்தம் எல்லாம் பழைய மாதிரி வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது." கண்ணாடிக்காரர் வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை அவர் மைத்துனனைக் கையோடு அழைத்துப் போனார். அவனுடைய எட்டு ரியாலை மேஜை நடுவில் வைத்தார். எல்லோரையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். ஏதோ புதுப் பயிற்சி என்று நினைத்து எல்லோரும் உற்சாகமாகத் திரும்பினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள், நின்றால் இறக்குங்கள் என்றார். தட்டினார்.

அத்தனை கைகளும் மேலே போயின. முதலில் ஒரு வயதானவர் கை இறங்கியது. அப்புறம் இன்னொன்று. மருந்துக்கடைக்காரர் கையும் மைத்துனன் கையும் கடைசி வரைக்கும் நின்றன.

"திரும்புங்க" என்றார். "இது நான் ஊமைன்னு சொன்ன காசு. இப்ப தட்டினப்போ எனக்கு வால் கேக்கல. உங்க எல்லாருக்கும் கேட்டிருக்கு. இது நல்ல வெள்ளி. போலி என் காதுதான். எப்பத்திலேருந்துன்னு எனக்கே தெரியாது."

மின்விசிறி சுற்றியது. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்கு அன்னைக்கே கேட்டுச்சு சார். நீங்க இல்லைன்னு சொன்னதால, ஏதோ நமக்குத்தான் பிடிபடலன்னு..." என்றவர் மைத்துனன் பக்கம் திரும்பி, அந்தக் காசு இன்னும் விலைக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான் அவன். "பழைய விலைதானே?" என்றார். "இல்ல சார், கொஞ்சம் ஏறிடுச்சு" என்றான். அறையில் இறுக்கம் தளர்ந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் அப்பாடா என்றிருந்தது.

கணக்கு வாத்தியார் சிரிக்கவில்லை. "போன வருஷம் நான் ஒரு வர்த்தக டாலர் கொண்டுவந்தேனே, நினைவிருக்கா?" என்றார். "ஊமைன்னு சொன்னீங்க."

கண்ணாடிக்காரருக்கு நினைவிருந்தது.

"போலியை வீட்டுல வெச்சிருக்க வேண்டாம்னு பழைய பித்தளையோட சேர்த்து உருக்கக் குடுத்துட்டேன். ஓய்வு பெற்றப்போ பசங்க எல்லாரும் சேர்ந்து வாங்கிக் குடுத்தது அது." வாத்தியார் குரலை உயர்த்தவில்லை. "அது வெள்ளிதானா?"

"தெரியல வாத்தியாரே. எனக்கு மட்டுமில்ல, இனிமே யாருக்கும் தெரியாது."

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். மூத்தவனை எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அதைத் தட்டிக் காட்டித்தான் வால் என்றால் என்ன என்று சொல்லியிருந்தார். அதை வாத்தியார் முன்னால் தள்ளினார்.

"அதுக்கு இது ஈடாகாது. இருந்தாலும் வெச்சுக்கோங்க."

வாத்தியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார், விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மேஜையில் கிடந்த பேனா மூடியை எடுத்து, காசை ஆள்காட்டி விரல் நுனியில் நிறுத்தி, காதருகே கொண்டுபோய் ஒரு தட்டு தட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நல்லதென்று சொல்லப்போகிறாரா இல்லையா என்று தெரியாமல், எதிரே உட்கார்ந்து காத்திருந்தார்.